நாலு மணிக் கட்டம்

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கதவுகளின் பின்பக்கத்தில் ஒரு தாள் தொங்கும். அதில் காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம் இருக்கும். நிலம் துடைத்த உடனே அந்த மணிக்குரிய கட்டத்தில் பெயரின் முதல் எழுத்துகளைப் போட வேண்டும். ரொறன்ரோவில் பதினாலு வருஷம் நான் அந்தத் தாள்களில் எழுத்துப் போட்டேன். அதில் ஒரேயொரு தாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எண்பத்து மூன்று கலவரம் கழிந்து, எண்பத்து நாலின் கடைசியில், மகனோடு இந்த ஊரில் வந்து இறங்கினேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வெலஸ்லிப் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில் பதினோராம் தட்டில் ஓர் அறை வீடு எடுத்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வழக்குக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். மகன் ஓர் உணவுக் கடையில் கோப்பை கழுவினான். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எமேஜென்சிப் பகுதியின் நீளமான நடைபாதையும் இரண்டு கழிப்பறைகளும் என் பொறுப்பு. காலை ஏழு மணிக்குப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு முடியும்.

எனக்கு வேலை பழக்கியவள் ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒரு கறுப்புப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஐந்தாம் தட்டில் வேலை செய்தாள். மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. முதல் நாளே வாயில் அக்கா என்று வந்துவிட்டது. அது என்னவென்று கேட்டாள். பெரிய சிஸ்டர் என்றேன். அன்றிலிருந்து அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். நான் இளையவள், என்னை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று விளக்க எனக்கு இங்கிலிஷ் காணாது. அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு அக்காமாரும் வருகினம் என்று சாப்பாட்டு அறையில் மற்றப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள்.

அவள் பேசியது இங்கிலிஷ்தான். என் காதில் விழுந்த மாதிரி என்னுடைய தமிழில் எழுதுகிறேன்.

முதல் கிழமையில் நான் அந்தத் தாளோடு பட்ட பாடு பெரிது. மணிக்கூட்டைப் பார்த்து, கட்டத்தைத் தேடி, இங்கிலிஷ் எழுத்தைக் கீறி முடிக்கிறதற்குள் மேற்பார்வைக்காரன் வந்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்பான். அக்கா அதைக் கண்டுவிட்டு என் கையிலிருந்த பேனையை வாங்கினாள். காலை ஏழு மணிக்கே, மூன்று மணி வரையான எல்லாக் கட்டத்திலும் என் எழுத்தைப் போட்டுக் காட்டினாள்.

"உந்தத் தாளை ஒருத்தரும் பார்க்கிறேல்லை, அக்கா. நிலத்தைத்தான் பார்ப்பினம்."

அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்குப் பிறகு நானும் வேலைக்குப் போன உடனே மேலிருந்து கீழே ஒரே மூச்சாக எழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குவேன்.

எங்கள் ஆட்கள் அப்போது அவர்களைக் கறுவல் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நான் அக்காவோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதை மகன் ஒருநாள் கண்டுவிட்டான்.

"அம்மா, உந்தக் கறுவலுகளோடை கனக்க ஒட்டாதையுங்கோ. எங்கடை கேஸ் முடியட்டும்."

அவனுடைய முகமும் என்னுடைய முகமும் என்ன நிறம் என்று நினைத்தேன். வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அக்காவுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சில நாட்களில் மூன்று மணிக்கு வந்து, தாய் வரும் வரை வாசலில் நிற்பாள். மஞ்சள் கம்பளித் தொப்பி போட்டிருப்பாள். என்னைக் கண்டால் அன்ரி என்று சிரிப்பாள். அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு வருத்தம் இருந்தது. இரத்தத்தில் வட்டமாக இருக்க வேண்டியவை அரிவாள் மாதிரி வளைந்துபோய் நரம்பை அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தால் எலும்புக்குள்ளே இருந்து நோகும். அவர்களுடைய ஆட்களுக்குத்தான் அது கூடுதலாக வருமாம். அக்கா கையை மடக்கி அரிவாள் மாதிரிக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினாள்.

நான் வந்த இரண்டாவது பனிக்காலத்தில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு நடைபாதையைத் துடைத்துக்கொண்டு போனேன். சுவரோடு விட்டிருந்த தள்ளுகட்டிலில் அந்தப் பிள்ளை படுத்திருந்தது. மஞ்சள் தொப்பியைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன். தனியாக டாக்சியில் வந்ததாம். அம்மாவிடம் சொல்லச் சொன்னது. ஒன்பது மணிக்குத்தான் என் இடத்தை விட்டு நகர முடிந்தது. ஐந்தாம் தட்டுக்கு ஏறிப்போய்ச் சொன்னேன். அக்கா ஓடிவந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாதியிடம் போய் இவளுக்கு இன்ன வருத்தம், சுணங்கக் கூடாது என்று சொன்னாள். தாதி எழுதிக்கொண்டாள். அதற்குள் மேற்பார்வைக்காரன் வந்து, உன்னுடைய தட்டு மேலே, இங்கே உனக்கு என்ன வேலை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

நான் அங்கேயே நின்றேன். அது என்னுடைய இடம். ஒவ்வொரு மணிக்கும் அந்தக் கட்டிலின் சில்லுகளைச் சுற்றித் துடைத்தேன். பத்து மணிக்குக் கை முறிந்த ஒருவனைக் கொண்டுவந்து உடனே உள்ளே எடுத்தார்கள். பதினொரு மணிக்கு, கைக்குழந்தையோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எடுத்தார்கள். இரண்டு தாதிமார் எனக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார்கள். தள்ளுகட்டிலைக் காட்டி, அவள் ஊசிக்காக வந்திருக்கிறாள் என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். நோவுக்கு ஊசி போடத்தானே வருவார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. போதைக்காக நடிக்கிறாள் என்பதுதான் அதன் அர்த்தம் என்று பின்னால்தான் அறிந்தேன்.

அந்தப் பிள்ளை கத்தவில்லை. போட்டிருந்த குளிர்ச்சட்டையின் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு மணியளவில் அந்தச் சட்டைக் கை முழங்கை வரை ஈரமாக இருந்தது. ஒருதரம் தண்ணீர் கேட்டது. நான் கொடுத்தேன். நன்றி அன்ரி என்றது. இரண்டு மணிக்கும் அங்கேதான். இரண்டரை மணிக்கு அந்த வழியாகப் போன ஓர் இளம் டொக்டர் நின்று, அதன் நிறம் மாறிய உதட்டைப் பார்த்துவிட்டு, கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார்.

அடுத்த நாள் மதியத்துக்கு முன்னே அது செத்துப்போயிற்று. சுவாசப்பைக்குள் அடைத்துவிட்டதாம்.

செத்த வீட்டுக்கு நான் போனேன். எங்களுடைய ஊர் மாதிரி யாரும் தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை. பாடினார்கள். அக்கா பாடவில்லை. என் கையைப் பிடித்து ஒன்று மட்டும் சொன்னாள்.

"முந்தி ஒருக்கால் ஆஸ்பத்திரியிலை நோவிலை கத்தினவள். காவல்காரனைக் கூப்பிட்டாங்கள். அதுக்குப் பிறகு, கத்தாதை, மரியாதையாக் கேள் எண்டு நான்தான் பழக்கினன்."

மரியாதையாகக் கிடந்தபடியால் நோவே இல்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒன்றரை வருஷம் போனது. நகரத்தின் ஓரத்தில் டொக்டர்களைப் படிப்பிக்கப் புதிதாக ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்போகிறார்கள், அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள், கறுப்பு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்கப்போகிறார்கள் என்று அக்கா வந்து சொன்னாள். அவளுடைய தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம். என்னையும் வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலுக்குப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டுப் போனேன். ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை.

குழுவில் மூன்று பேர். தலை நரைத்த ஒரு டொக்டர், ஒரு பெண், எழுதுவதற்கு ஒருவர். நாங்கள் பேச வரவில்லை, கேட்க வந்திருக்கிறோம் என்றார் டொக்டர். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்:

"கறிக்கு எவ்வளவு உப்பு எண்டு ஆட்டைக் கேக்க வந்திருக்கினம்."

அந்த வரிசை முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. ஆனாலும் அந்தக் கிழவரே முதலாவதாக எழும்பிப் பேசினார். பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். தோல் வருத்தத்தை வெள்ளைத் தோலில் மட்டும் படித்த டொக்டருக்குத் தன் பிள்ளையின் தோலில் அது தெரியவில்லை என்றாள் ஒரு தாய். எங்கள் பிள்ளைகளையும் அந்தப் பள்ளியில் சேர்ப்பீர்களா, இல்லாவிட்டால் நிலம் துடைக்க மட்டுமா என்று கேட்டார் ஒருவர். எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக அக்கா எழும்பினாள். மகளின் கதையைச் சொன்னாள். குரல் உயரவில்லை.

"நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. அந்த ஒரு நாளை உங்கடை பாடத்திலை எழுதுங்கோ. முதல் வருஷம் வாற பிள்ளையள் அதைப் படிச்சுப்போட்டு மற்றதைப் படிக்கட்டும்."

டொக்டர் தலையைக் குனிந்து கேட்டார். நல்ல மனிதர்தான் என்று எனக்குப் பட்டது. ஆனால், நீங்கள் முன்கூட்டி எழுதிக் கொடுத்ததை விசாரித்தோம், ஆஸ்பத்திரிப் பதிவுப்படி உங்கள் மகள் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் காத்திருந்திருக்கிறாள், நீங்கள் ஆறரை மணித்தியாலம் என்கிறீர்கள், நீங்களோ ஐந்தாம் தட்டில் வேலையில் இருந்தீர்கள், உறுதியில்லாததைப் பாடத்தில் எழுத முடியாது என்றார். ஒரு கடிதாசியோ, கண்ட ஒருவரோ இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், அதை அப்படியே சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் சுருங்கிப்போனேன்.

வந்து கண்டதைச் சொல்லுவாயா என்று அவள் கேட்டதற்கு நான் ஓம் என்றுதான் சொன்னேன். பழைய தாள்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் அறையின் பூட்டுத் திறப்பு அவளிடம் இருந்தது. அந்த நாளின் தாளைத் தேடி எடுத்தாள். எட்டு, ஒன்பது, பத்து என்று எல்லா மணிக்கும் என் எழுத்து இருந்தது. இவள் மணிக்கு மணி அங்கேதான் நின்றிருக்கிறாள் என்று அந்தத் தாள் சொல்லும். கண்டதை நான் சொல்லுவேன். அவ்வளவுதான் அவளுடைய எண்ணம். அது எப்போது எழுதப்பட்டது என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம். எழுதி எழுதிப் பழகியதால் அது எங்களுக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின கிழமை முழுக்கச் சொல்லவேண்டிய வசனத்தைப் பாடமாக்கினேன். எட்டு மணிக்குக் கண்டேன், இரண்டரைக்குக் கொண்டு போனார்கள், தண்ணீர் கொடுத்தேன். இங்கிலிஷில் மூன்றே மூன்று வசனம். சமைக்கும்போது முணுமுணுத்ததை மகன் கேட்டுவிட்டான். விசாரித்தான். சொன்னேன்.

"அம்மா, நாங்கள் இன்னும் இந்த நாட்டு ஆக்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரா வாய் திறந்தியள் எண்டால் வேலையும் போகும், கேஸும் போகும். பிறகு எங்கை போறது?"

ஆனாலும் போனேன்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு புது ஆள் குழுவுக்குப் பக்கத்தில் இருந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மடியில் கோப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்றார்கள். அக்கா தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். டொக்டர் பார்த்துவிட்டுக் குழுவிலிருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டுப் புது ஆளிடம் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று அக்காவிடம் கேட்டார். மூன்று மணிக்கு என்றாள் அக்கா.

அவர் தாளைத் திருப்பிக் காட்டி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். நாலு மணிக் கட்டத்திலும் என் எழுத்து இருந்தது. ஒரே மூச்சாகக் கீறிக்கொண்டு போனபோது அன்று கை ஒரு கட்டம் கூடுதலாகப் போயிருக்கிறது. எல்லா எழுத்தும் ஒரே பேனை, ஒரே சரிவு என்றும் சொன்னார்.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. டொக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் இன்னும் அன்பாகத்தான் பேசினார். தாளை விடுங்கள், அம்மா, நீங்கள் அந்தப் பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டார்.

நான் எழும்பி நின்றேன். மூன்று வசனமும் வாயில் இருந்தன. புது ஆள் கோப்பைத் திறந்து பேனையைக் கையில் எடுத்தார்.

"நோ சேர். நோ சீ," என்றேன்.

எங்களுடைய ஊரில் அந்த வருஷங்களில் றோட்டில் ஏதும் நடந்தால் ஆமிக்காரர் பெண்களை வரிசையில் விட்டுக் கேட்பார்கள், கண்டியா என்று. காணேல்லை என்று சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் நடந்திருந்தாலும் காணேல்லை. கண்டேன் என்று சொன்னவளிடம்தான் அடுத்த கேள்வி வரும், கண்டவன் என்று தெரிந்தவனைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். எங்களுடைய ஒழுங்கையில் ஒரு வாத்தியார் கண்டேன் என்று சொல்லிப் போனவர், பிறகு வரவேயில்லை. எத்தனையோ தரம் அப்படிச் சொல்லித்தான் நான் என் மகனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தேன். பேனையோடு ஒருவர் கண்டாயா என்று கேட்டால் என் வாய் எனக்காகக் காத்திருப்பதில்லை. இதை நான் நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டுப் பகிடி சொன்ன கிழவர் இருமினார். எழுதுகிறவர் எழுதினார். நான் கண்டேன் என்று திருப்பிச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. டொக்டர் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அக்கா போய்த் தாளை எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து, அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு தரிப்பு போன பிறகு, அக்கா, நான் கண்டனான் என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "எனக்குச் சொல்லி என்ன?"

கொஞ்சம் பொறுத்து, "எழுதப் பழக்கினதும் நான்தானே," என்றாள்.

ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி மகனைக் கேட்டேன். கேஸ் முடியட்டும் என்றான். வழக்கு முடிய அடுத்த வருஷம் ஆனது. எங்களை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தான் மகன். அடுத்த நாளே நான் திரும்பக் கேட்டேன். இந்தமுறை எழுதினான். நான் சொல்லச் சொல்ல இங்கிலிஷில் எழுதினவன், சட்டைக் கை ஈரமாக இருந்த இடத்தில் பேனையை நிறுத்தி, உண்மையாவோ அம்மா என்று கேட்டான். தமிழில் முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் வேலை போனாலும் போகட்டும் என்று குழுவுக்கு அனுப்பினோம்.

ஒரு மாதத்தில் மறுமொழி வந்தது. மிகவும் நன்றி, ஆனால் அறிக்கை அச்சாகிவிட்டது.

அறிக்கையின் ஒரு பிரதி தேவாலயத்துக்கும் வந்திருந்தது. தடித்த புத்தகம். கறுப்பு மக்களின் கருத்து என்று எட்டுப் பக்கம். சாப்பாட்டு அறையில் அக்கா அதை விரல் வைத்து வாசித்தாள். அவளுடைய மகளுக்குரிய இடத்தில் ஒரு வரி இருந்தது. காத்திருக்கும் நேரம் நீளமானது என்று சமூகத்தில் சிலர் உணர்கிறார்கள். அவள் அந்த வரியை எனக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டினாள்.

"உணர்கினமாம்," என்றாள்.

நான் அனுப்பிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். மறுமொழியைக் காட்டினேன். அதையும் வாசித்துவிட்டு, மடித்து என் கையிலேயே தந்தாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அரசாங்கம் காசு இல்லை என்று அந்தப் பள்ளியையும் கைவிட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். கட்டியிருந்தாலும் அந்தப் பிள்ளை அதன் பாடத்தில் இருந்திருக்காது.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த நாளிலிருந்து நான் தாளில் முன்கூட்டி எழுதுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் துடைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுதினேன். மேற்பார்வைக்காரன் ஏசினான். கழிப்பறைக்கு அனுப்பினான், அங்கேயும் அப்படித்தான் எழுதினேன். தள்ளுகட்டிலில் யாராவது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் தாதியிடம் போய் நிற்பேன். இங்கிலிஷ் வராது. கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். சிலர் வந்து பார்ப்பார்கள். பலர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள்.

அக்கா அதற்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் அங்கே வேலை செய்தாள். கண்டால் சுகம் கேட்பாள். சாப்பாட்டைப் பகிர்ந்து தருவாள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மற்றவர்களைப் போல என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். நான் அவளை அக்கா என்றேதான் கூப்பிட்டேன்.

அவள் ஓய்வு எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நடைபாதையில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து நான் எழுதிக்கொண்டிருந்ததை வண்டியோடு வந்தவள் கண்டாள். மூன்று மணி. எழுதிவிட்டுப் பேனையை மூடினேன். நாலு மணிக் கட்டம் வெறுமையாக இருந்தது. அவள் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தாள்.

பிறகு என் பெயரைச் சொல்லி, "உந்தத் தாளை ஒருத்தரும் பார்க்கிறேல்லை," என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு லிப்டுக்குள் போனாள்.